திப்பு சுல்தானின் வாள், மோதிரம், சிம்மாசனம்... எது அசல், எது கதை? தருமபுரி வழியாகப் போகும் ஒரு வரலாறு

2023 மே 23. லண்டனில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனம் ஒரு வாளை ஏலத்துக்கு விட்டது. கடைசியாக விழுந்த விலை 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல். நம்ம கணக்கில் 140 கோடி ரூபாயைத் தாண்டும். வாளுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லப்பட்டவர் மைசூர் மன்னர் திப்பு சுல்தான்.

அதற்கு ஒன்றரை வருஷம் முன்னாடி, 2021 செப்டம்பரில், கேரளத்தின் கொச்சியில் இன்னொரு கதை. மோன்சன் மாவுங்கல் என்பவரை மோசடி வழக்கில் கேரள போலீஸ் கைது செய்தது. அவர் வீடு முழுக்கப் பழம்பொருட்கள். மோசேயின் கைத்தடி, யூதாஸ் வாங்கிய வெள்ளிக் காசு என்று சொல்லப்பட்டவையோடு, திப்புவின் சிம்மாசனம் என்ற ஒரு நாற்காலியும் இருந்தது. பிரபலங்கள், பெரிய அதிகாரிகள்கூட அங்கே போய் போட்டோ எடுத்திருந்தார்கள். தொல்லியல் துறையினர் சோதித்தபோது பெரும்பாலானவை போலி என்று தெரிந்தது.

அந்த நாற்காலி போலி என்று கண்டுபிடிக்க ஆய்வகம் எதுவும் தேவையில்லை. திப்புவின் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்திருந்தாலே போதும். அவருடைய சிம்மாசனம் 1799இலேயே துண்டு துண்டாக உடைக்கப்பட்டுவிட்டது.

தனியார் கையில் இருக்கும் ஒரு பழம்பொருள் உண்மையில் யாருடையது, எப்படி வந்தது என்ற கேள்விக்குத் திப்புவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அவர் வாழ்க்கையின் முக்கியமான சில பக்கங்கள் இன்றைய தருமபுரி மாவட்டத்தில் நடந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

பாரமகால் பையன்

திப்பு பிறந்தது பெங்களூரு பக்கத்தில் உள்ள தேவனஹள்ளியில். 1750 நவம்பர் 20 என்பது பரவலாகச் சொல்லப்படும் தேதி. பெயர் மட்டும் தமிழ்நாட்டில் இருந்து போனது. ஆற்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள்.

அப்பா ஹைதர் அலி மைசூர் ராணுவத்தில் சாதாரண நிலையில் இருந்து மேலே வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். மகனுக்கு மட்டும் நல்ல ஆசிரியர்களை வைத்தார். பாரசீகம், கன்னடம், கணக்கு, குதிரையேற்றம் என்று எல்லாம் கற்றுக்கொடுத்தார்.

அந்தக் காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பகுதிகளைச் சேர்த்து பாரமகால் என்று அழைத்தார்கள். மைசூர் மேட்டு நிலத்துக்கும் தமிழகச் சமவெளிக்கும் நடுவில் படிக்கட்டு மாதிரி இருக்கும் பூமி. மேலே இருப்பவன் கீழே இறங்கணும்னாலும், கீழே இருப்பவன் மேலே ஏறணும்னாலும் இதைத் தாண்டித்தான் ஆகணும். அதனால்தான் ஹைதரும் ஆங்கிலேயரும் இதற்காக விடாமல் மோதினார்கள். 1767இல் முதல் மைசூர் போர் தொடங்கியபோது காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று கோட்டைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. திப்புவுக்கு அப்போது பதினேழு வயதுதான். குதிரைப்படையோடு சென்னை பரங்கிமலை வரை போய் கம்பெனிக்காரர்களைக் கதிகலங்க வைத்துவிட்டுத் திரும்பினார்.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர் போர். இதில் கம்பெனிப் படை நொறுங்கிப்போனது. கைதானவர்களில் டேவிட் பெயர்ட் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். மூன்று வருஷத்துக்கும் மேல் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் கிடந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கணும். 140 கோடி வாள் கதையில் திரும்ப வருவார்.

1782 டிசம்பரில் சித்தூர் பக்கம் முகாமில் இருந்தபோது ஹைதர் இறந்தார். திப்பு ஆட்சிக்கு வந்தார்.

எல்லாவற்றிலும் முத்திரை

திப்பு எப்படிப்பட்ட ஆட்சியாளர் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. அதற்குள் போவதற்கு முன்னாடி ஒரு விஷயம். தன் பொருட்களில் தனக்கே உரிய அடையாளம் வைப்பதில் அவருக்கு இணையான மன்னர்கள் குறைவு.

புலி அவருடைய சின்னம். உடையில் புலிக்கோடு, பீரங்கி வாயில் புலி முகம், வாளின் கைப்பிடியில் புலித்தலை, துப்பாக்கியின் கட்டையில் புலி. வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவது மாதிரி, கைப்பிடியைச் சுற்றினால் உறுமும் மரப் பொம்மை ஒன்றும் செய்து வைத்திருந்தார். அது இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காலண்டரையும் மாற்றினார். முதலில் ஹிஜ்ரி ஆண்டைத்தான் பயன்படுத்தினார். 1787 வாக்கில் அதை விட்டுவிட்டு மௌலூதி என்ற புதிய கணக்கைக் கொண்டுவந்தார். நம்ம பிரபவ, விபவ மாதிரியே அதிலும் அறுபது ஆண்டுகளுக்கும் பெயர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாக எழுத வைத்தார்.

காசுகளும் அப்படித்தான். செம்பில் யானை உருவம். தங்க, வெள்ளி நாணயங்களுக்கு அகமதி, சித்திக்கி, ஹைதரி, இமாமி என்று பெயர்கள். செம்புக் காசுகளுக்கு நட்சத்திரம், கோள் பெயர்கள். காசு அடிக்கும் ஊர்களின் பெயரையும் மாற்றினார். சத்தியமங்கலம் சலாமாபாத் ஆனது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் செய்யவில்லை. தன் காசில் தன் பெயரை அவர் பொறிக்கவே இல்லை. அப்பா ஹைதர் பெயரின் முதல் எழுத்துதான் பல காசுகளில் இருக்கும்.

இதெல்லாம் வெறும் தகவல் இல்லை. திப்பு சுல்தான் என்று ஆங்கிலத்திலோ தேவநாகரியிலோ பெயர் போட்ட காசு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பி, இது பல லட்சம் போகும் என்று சொன்னால் அதைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிடலாம். துப்பாக்கியில் ஆண்டு எண் சரியான திசையில் இருக்கிறதா, அந்தக் கணக்கில் அந்த எண் வர முடியுமா என்று பார்ப்பதும் இந்த வழியில்தான். போலி செய்கிறவர்கள் புலியை அழகாக வரைந்துவிடுவார்கள். காலண்டரில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள்.

அதே சமயம், புலிக்கோடு இருந்தாலே அது திப்புவின் கையில் இருந்தது என்று அர்த்தமில்லை. அவருடைய பட்டறைகளில் படைக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஏராளமான ஆயுதங்கள் செய்தார்கள். ஏலக் கூடங்களில் வரும் குழப்பம் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

தொப்பூரில் தப்பியவர், தருமபுரியை இழந்தவர்

1790இல் மூன்றாவது மைசூர் போர். அந்த நவம்பரில் கம்பெனியின் மெடோஸ், மாக்ஸ்வெல் ஆகிய இருவரின் படைகளும் பாரமகாலில் ஒன்றுசேர்ந்தன. திப்பு மாட்டிக்கொள்வார் என்று நினைத்தார்கள். அவரோ தொப்பூர் கணவாய் வழியாகப் படையை இறக்கிவிட்டார். துரத்தியவர்கள் பின்வரிசையைத்தான் பார்க்க முடிந்தது. இன்றைக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் அதே தொப்பூர் இறக்கம்தான். பீரங்கி வண்டிகளையும் மாடுகளையும் வைத்துக்கொண்டு அதில் வேகமாக இறங்குவது சாதாரண வேலையில்லை. அங்கிருந்து நேராகத் திருச்சிப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் அடுத்த வருஷம் நிலைமை மாறியது. 1791 கடைசியில் பென்னாகரம் கோட்டை மாக்ஸ்வெல் படையிடம் விழுந்தது. 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே முற்றுகையிட்டார். மார்ச்சில் ஒப்பந்தம். நாட்டில் பாதி போச்சு. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். பணம் கட்டும் வரை இரண்டு மகன்கள் பிணை. அந்தப் பிள்ளைகளை 1794இல்தான் திருப்பி அனுப்பினார்கள்.

போன பாதியில் பாரமகாலும் ஒன்று. தருமபுரி கம்பெனியிடம் வந்தது இப்படித்தான். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நிர்வாகம் அமைத்தார்கள். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ ஏழு வருஷம் இந்தப் பகுதியில் இருந்தார். தருமபுரிதான் அவருக்கு முக்கிய இருப்பிடம். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கே பழகிப் பார்த்தார்கள். வயல், கிணறு, தறி, சந்தை என்று அவர்கள் எழுதிக் குவித்தவை பாரமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பிற்காலத்தில் அச்சாகின. எந்த ஊர், எப்போது, யார் எழுதியது என்று ஒவ்வொன்றுக்கும் தடம் இருக்கும் காகிதங்கள் அவை.

1799 மே 4: அந்த ஒரு ராத்திரி

நாலாவது போர் வெகுநாள் நீடிக்கவில்லை. பாரமகாலில் இருந்தும் ரீட் தலைமையில் ஒரு படை கிளம்பியது. மன்றோவும் கூடப் போனார். 1799 மே 4 மதியம், உடைந்த சுவர் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குள் கம்பெனிப் படை நுழைந்தது. முன்னால் நின்று நடத்தியவர் டேவிட் பெயர்ட். அதே ஊரில் கைதியாகக் கிடந்தவர்.

திப்பு கோட்டையின் நீர்வாசல் பக்கம் சண்டையிட்டபடி விழுந்தார். இருட்டிய பிறகு பந்த வெளிச்சத்தில் சடலக் குவியலுக்குள் தேடித்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இருந்த அதிகாரிகள் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணிச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி, தோளில் பட்டுப் பட்டை, கையில் ஒரு தாயத்து. தலைப்பாகை இல்லை. ஆயுதம் எதுவும் இல்லை.

திப்பு சாகும்போது கையில் வைத்திருந்த வாள் என்று பிற்பாடு யார் எதைக் காட்டினாலும் இந்தக் குறிப்பை வைத்துத்தான் பார்க்கணும். உடலை அடையாளம் காணும் முன்பே வாள் காணாமல் போய்விட்டது. எடுத்தவன் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

அன்று ராத்திரி ஊரே சூறையாடப்பட்டது. வீடு வீடாகப் புகுந்தார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி நாலு பேரைத் தூக்கில் போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. இவர்தான் பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற துப்பறியும் நாவலில், திருடப்பட்ட வைரத்தின் கதை தொடங்குவதே இந்த ராத்திரியில்தான்.

பிறகு முறைப்படி பரிசுக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதாவது, கொள்ளையைக் கணக்குப் போட்டுப் பங்கு பிரிக்கும் குழு. தளபதி ஹாரிஸுக்கு 1,42,902 பவுண்ட். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கு 7 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். இந்தியச் சிப்பாய்க்கு 5 பவுண்ட்.

ஆக, திப்புவின் பொருட்கள் இரண்டு வழியாக வெளியே போயின. ஒன்று, பரிசுக் குழுவின் பட்டியல் வழியாக. இன்னொன்று, அந்த ராத்திரி சிப்பாய்களின் பை வழியாக. முதல் வழியில் போனவற்றுக்குக் காகிதம் உண்டு. இரண்டாவது வழியில் போனவற்றுக்குக் குடும்பக் கதை மட்டும்தான் உண்டு. இன்று ஏலத்துக்கு வரும் பொருட்களைப் பற்றிய சந்தேகம் அத்தனையும் இந்தப் பிரிவில்தான் வந்து நிற்கும்.

சிம்மாசனம் என்ன ஆச்சு?

ஆளுயரப் புலி ஒன்று தாங்கி நிற்க, அதன் மேல் எட்டுப் பட்டை மேடை. சுற்றிலும் கைப்பிடிச் சுவரில் எட்டுச் சின்னப் புலித்தலைகள். மேலே குடை, குடை உச்சியில் ரத்தினம் பதித்த ஹூமா பறவை. மரத்தில் செய்து தங்கத் தகடு போர்த்தியது. கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லிக்கு இதை முழுசாக இங்கிலாந்து மன்னருக்கு அனுப்ப ஆசை. ஆனால் அவர் சொல்லி அனுப்புவதற்குள் பரிசுக் குழுக்காரர்கள் உடைத்துப் பங்கு போட்டுவிட்டார்கள்.

ஹூமா பறவை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் போனது. பெரிய புலித்தலை 1831இல் நான்காம் வில்லியமுக்குப் போனது. இரண்டும் இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில். சின்னப் புலித்தலைகளில் ஒன்று, அப்போது மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் மூலம் வேல்ஸில் உள்ள பொவிஸ் மாளிகைக்குப் போனது.

இந்த ஒரு தலைதான் மற்றவற்றுக்கு அளவுகோல். 2009இல் இன்னொரு புலித்தலை பான்ஹாம்ஸில் 3,89,600 பவுண்டுக்குப் போனது. 2010இல் மற்றொன்று 4,34,400 பவுண்டுக்கு. 2021 நவம்பரில் ஒரு தலைக்கு 15 லட்சம் பவுண்ட் மதிப்பு சொல்லி, அது நாட்டை விட்டு வெளியே போகாமல் பிரிட்டன் அரசு தற்காலிகத் தடை போட்டது. அதாவது, நம்ம ஊரில் இருந்து எடுத்துப்போன பொருள் தங்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவர்கள் தடுத்தார்கள். சட்டப்படி அது சரிதான். கேட்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

புலித்தலைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, ஏனென்றால் ஒரே பொருளின் துண்டுகள் அவை. பொவிஸில் உள்ளது எப்படிப் போனது என்று எழுத்தில் இருந்தது. வேலைப்பாட்டை, அளவை, கல் பதித்த விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மோதிரத்துக்கு இந்த வசதி இல்லை.

ராம் என்று பொறித்த மோதிரம்

2014 மே மாதம் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒரு தங்க மோதிரம் சுமார் 1,45,000 பவுண்டுக்கு விலைபோனது. அதில் தேவநாகரி எழுத்தில் ராம் என்று பொறித்திருந்தது. திப்புவின் விரலில் இருந்து எடுத்தது என்பது சொல்லப்பட்ட கதை. ராக்லன் பிரபு குடும்பத்தின் வழியாக வந்தது. முதல் ராக்லன் பிரபு வெல்லெஸ்லி குடும்பத்துப் பெண்ணைக் கட்டியவர். அதனால் மோதிரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து அந்த வீட்டுக்குப் போயிருக்க வழி இருக்கிறது.

ஆனால் வழி இருக்கிறது என்பதும் அப்படித்தான் நடந்தது என்பதும் ஒன்றா? திப்புவின் உடலைப் பார்த்த அந்த ராத்திரிக்கும் ராக்லன் வீட்டு அலமாரிக்கும் நடுவில் கண்ணிகள் விட்டுப்போயிருக்கின்றன. அரண்மனையில் இருந்த வேறு யாருடைய மோதிரமாகவும் இருக்கலாம். மைசூரின் பழைய உடையார் அரச குடும்பத்துப் பொருளாகவும் இருக்கலாம். இஸ்லாத்தில் அத்தனை பிடிப்புள்ள மன்னர் இப்படியொரு மோதிரத்தை விரலில் போட்டிருப்பாரா என்று வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் அப்போதே கேட்டார்கள்.

மோதிரம் விற்ற கையோடு இந்தியாவில் அது அரசியல் ஆனது. திப்பு எல்லா மதத்தையும் மதித்தவர் என்பதற்கு இதோ சாட்சி என்று ஒரு பக்கம். ஏதோ ஒரு இந்துவிடம் பறித்ததாக இருக்கும் என்று இன்னொரு பக்கம். மோதிரம் எங்கிருந்து வந்தது என்பதே உறுதியாகாதபோது அதை வைத்து இரண்டில் எதையும் நிரூபிக்க முடியாது.

இத்தனைக்கும், திப்புவின் மதக் கொள்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள மோதிரம் தேவையே இல்லை. 1791இல் மராத்தாப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, மடத்தைச் சீராக்கப் பணமும் பொருளும் அனுப்பி திப்பு எழுதிய கன்னடக் கடிதங்கள் உண்டு. 1916இல் மைசூர் தொல்லியல் துறை இயக்குநர் நரசிம்மாச்சார் அவற்றை மடத்திலேயே கண்டெடுத்தார். யாருக்கு எழுதினாரோ அவர்கள் இடத்திலேயே கிடைத்தவை. அதே மாதிரி, குடகிலும் மலபாரிலும் கலகம் செய்தவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப்போனது, மதம் மாற்றியது பற்றி அவரே எழுதிய கடிதங்களும் உண்டு. வில்லியம் கிர்க்பாட்ரிக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1811இல் மொழிபெயர்த்து அச்சிட்டார். எதிரி மொழிபெயர்த்தது என்பதால் கவனமாகப் படிக்கணும். ஆனால் அவை எங்கிருந்து எடுத்தவை என்பது தெரியும்.

இரண்டு வகைக் கடிதங்களும் ஒரே மனிதர் எழுதியவைதான். இதை ஏற்றுக்கொள்வது இரண்டு தரப்புக்கும் கஷ்டம். மோதிரத்தைப் பற்றிச் சண்டை போடுவது சுலபம்.

பரணில் இருந்தது, பரிசாகக் கொடுத்தது

2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த வாள்களும், வெள்ளி வேலைப்பாடு செய்த ஒரு துப்பாக்கியும் ஏலத்துக்கு வந்தன. கம்பெனியின் மேஜர் தாமஸ் ஹார்ட் கொண்டுபோனவை என்று சொன்னார்கள். துப்பாக்கி மட்டும் 60,000 பவுண்டுக்குப் போனது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து போனவை என்பதை நம்பலாம். ஆனால் திப்புவின் காலத்தது, திப்புவின் படையினுடையது, திப்புவின் அரண்மனையில் இருந்தது, திப்புவே கையில் பிடித்தது என்று நாலு படி இருக்கிறது. ஒவ்வொரு படி ஏறும்போதும் விலை பல மடங்கு ஏறும். செய்தித் தலைப்புகளில் இந்த நாலும் ஒரே வார்த்தையாகிவிடும்: திப்புவின் துப்பாக்கி.

140 கோடி வாளின் பலம் என்ன? அரண்மனையில் திப்புவின் சொந்த அறைகளில் இருந்து எடுத்தது என்றும், தாக்குதலை நடத்தியதற்காகப் பெயர்டுக்குப் படை அளித்த பரிசு என்றும் சொல்லப்படுகிறது. அப்படிப் பரிசாகக் கொடுத்த விவரம் வாளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சிப்பாயின் பையில் போனது இல்லை, வெளிப்படையாகக் கொடுத்தது. போர்க்களத்தில் அவர் கையில் இருந்த வாள் என்று யாரும் இதைச் சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் அதை நம்ப வைக்கிறது.

தொழிலதிபர் விஜய் மல்லையா கதை நமக்கெல்லாம் தெரியும். லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்றை வாங்கியதாக 2004இல் அறிவித்தார். நாடே பாராட்டியது. 2018இல் கடன் வழக்கு நடந்தபோது, அந்த வாள் குடும்பத்துக்கு ஆகவில்லை என்று 2016லேயே யாருக்கோ கொடுத்துவிட்டதாக லண்டன் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தனியார் கையில் ஒரு பொருள் இருந்தால் இதுதான் நிலைமை. வாங்கும்போது பத்திரிகையில் வரும். கைமாறும்போது சத்தமே இருக்காது.

ஏலத்துக்கு வந்ததை எல்லாம் இந்தியா கேட்டு வாங்கிவிட முடியாதா என்று தோணும். பழம்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அது முன்தேதியிட்டுச் செல்லாது. நம்ம சட்டம் 1972ஆம் ஆண்டினது. 1799இல் போனதை இரண்டாலும் பிடிக்க முடியாது. கோயில் சிலைகளை மீட்பது வேறு கதை. அவை பெரும்பாலும் சட்டம் வந்த பிறகு திருட்டுப் போனவை.

துருப்பிடித்த ராக்கெட்டுகள்

2018 ஜூலையில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு வறண்ட கிணற்றைத் தோண்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. திப்பு காலத்தவை. துருப்பிடித்து, பார்க்கவே அவலட்சணமாக இருந்தன. ஏலத்தில் வைத்தால் வாள் விலையில் நூறில் ஒரு பங்கு தேறுமா என்பது சந்தேகம். ஆனால் எந்தக் கிணறு, எந்த மண், பக்கத்தில் என்ன இருந்தது என்று எல்லாவற்றையும் தொல்லியல் துறையினர் பதிவு செய்தார்கள். திப்பு ராணுவம் ராக்கெட்டை எப்படிச் செய்தது, எங்கே சேமித்தது என்பதற்கு இதுவரை கிடைத்ததிலேயே நல்ல சாட்சி அதுதான். அதையே யாராவது ராத்திரியோடு ராத்திரியாக எடுத்து ஒவ்வொன்றாக விற்றிருந்தால் வெறும் இரும்புக் குழாய்கள்.

தருமபுரியில் யாருக்காவது கிடைத்தால்?

பழைய மைசூர் ஆட்சி நடந்த பகுதிகளில் யானைக் காசுகள் அபூர்வமானவை அல்ல. செம்புக் காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டன, நாணயச் சந்தையில் சாதாரண விலைக்கே கிடைக்கும். லட்சக்கணக்கில் விலை சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கணும்.

வயலில், வீட்டு அஸ்திவாரத்தில் புதைந்து கிடைப்பவை 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின் கீழ் வரும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கிடைத்தவருக்கு எதுவும் வராது என்று நினைப்பது தப்பு. உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், கிடைத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கணும் என்று அதே சட்டம் சொல்கிறது.

பரம்பரையாக வீட்டில் இருப்பவை வேறு கணக்கு. நூறு ஆண்டு கடந்தவை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். சுவடிகளுக்கு 75 ஆண்டு. சிற்பம், ஓவியம், சுவடி போன்று அரசு அறிவித்த வகைகளைப் பதிவு அலுவலரிடம் போட்டோவோடு பதிவு செய்யணும். வைத்திருக்கலாம், உள்நாட்டில் விற்கலாம், கைமாறினால் தெரிவிக்கணும். தொழிலாக விற்பதற்கு உரிமம் வேணும். வெளிநாட்டுக்கு அனுப்ப மட்டும் தனியாருக்கு அனுமதியே கிடையாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

காசோ கத்தியோ கிடைத்தால் பளபளவென்று தேய்த்துக் கழுவிவிடுவது நம்ம வழக்கம். அதைச் செய்யக் கூடாது. எழுத்தும் ஆண்டு எண்ணும் அதோடு போய்விடும். எந்த சர்வே எண், எத்தனை அடி ஆழம், கூட வேறென்ன கிடைத்தது என்று எழுதி, எடுத்த இடத்தையும் ஒரு போட்டோ பிடித்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ முதலில் சொன்னாலே போதும். அங்கிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடும்.